திருப்பி அடிக்குது

மத்தியானம் ஒன்னரை மணி. ராத்திரி இல்ல, நல்லாக் கேட்டுக்கோங்க. மண்டையப் பொளக்குற வெயில். ஊருக்கு வெளிய போற ரோடு... ஈ காக்கா கிடையாது. ரெண்டு பக்கமும் வெறும் பொட்டல்.

ஏய், நம்ம கடை ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்குப்பா, சாரல் அடிக்குது. கரண்ட் வர்ற வரைக்கும் ஏதாவது சொல்லுன்னு நீங்கதானே உசுரை எடுத்தீங்க? அப்புறம் தனியா வீட்டுக்குப் போக மாட்டேன்னு யாராவது அழுதீங்க... அறைஞ்சிடுவேன். நீ ஏன்டி பேரிங் அட்டைப் பெட்டிக்குள்ள ஒளியுற? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே!

இது என் சிநேகிதியோட தம்பிக்கு நடந்தது. கூடப் பொறந்த தம்பி. பைக்குக்கு வயரிங் வேலை பாக்குறவன். சின்ன வயசுலேர்ந்து எதைத் தொட்டாலும் ஷாக் வாங்கி வாங்கி, அவனுக்குப் பேரே கரண்டுன்னு ஆயிடுச்சு. பெத்த அம்மாவே "கரண்டு, சாப்பிட வாடா"ன்னுதான் கூப்பிடும். பொய் சொல்ற ஆளு இல்ல. பொய் சொல்ல வந்தா காது ரெண்டும் செவந்துடும் அவனுக்கு.

சரி. ஒன்னரை மணி. அந்த ரோட்டுல ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்னு போச்சு. அப்பா காலத்து வண்டி. அதை ஓட்டிட்டு வந்தவரு ஒரு வீட்டு மூத்த பிள்ளை. தங்கமான மனுசன். யாராவது ஏசினாக்கூட, தலையக் குனிஞ்சு கேட்டுட்டுப் போற ஜாதி. அவருக்கு ஒரு தம்பி. இளையவன். அவனுக்கு நான் மரியாதை குடுக்க மாட்டேன், முன்னாடியே சொல்லிட்டேன்.

மூத்தவரு இறங்கி கிக்கரை மிதிக்கிறாரு... மிதிக்கிறாரு... மிதிக்கிறாரு. வேர்வை கண்ணுக்குள்ள இறங்குது. வண்டிக்கு உயிரே வரல.

உள்ள என்ன ஆச்சுன்னா, பிளக் எப்ப நெருப்பு விடணும்னு முடிவு பண்ற பாயிண்ட் தட்டோட திருகு லூசாகி நகர்ந்திருக்கு. நம்ம பசங்களுக்குத் தெரியும், தெரியாதவங்க கேளுங்க. பிஸ்டன் மேல வந்து சேர்ற நேரத்துக்குத்தான் பிளக் நெருப்பு விடணும். அதுக்குத்தான் டைமிங்னு பேரு. ரொம்ப முன்னாடியே விட்டுடுச்சுன்னா, மேல வந்துக்கிட்டிருக்கிற பிஸ்டனை வந்த வழியே தள்ளி விடும். நீ கீழ மிதிச்ச கிக்கர், மிதிச்சதை விட வேகமா மேல வரும். மெக்கானிக்குங்க இதுக்கு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. "திருப்பி அடிக்குது"ம்பாங்க.

அன்னிக்கு அடிச்சுது. டக்...

காஞ்ச கட்டைய முறிச்ச மாதிரி சத்தம். வலது காலு, முட்டிக்குக் கீழ. மனுசன் அப்படியே சரிய, வண்டியும் அவரு மேலயே சாஞ்சுடுச்சு. கொதிக்கிற தார் கீழ, கொதிக்கிற சைலன்சர் மேல. பொழுது சாயிற வரைக்கும் கெடந்திருக்காரு. கடைசியில ஒரு லாரிக்காரன் பாத்துத் தூக்கிப் போட்டுட்டு வந்தான். ஆஸ்பத்திரியில காலு புரையோடி, விஷம் உடம்பெல்லாம் ஏறி... போயிட்டாரு பாவம். எல்லாரும் விதின்னு சொல்லிட்டுக் கலைஞ்சாங்க.

சாவு வீட்டுக்குப் போட்ட சேரைக் கூட இன்னும் எடுத்துட்டுப் போகல. இளையவன் வந்து வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான். அண்ணி வாசல்ல நின்னு பாக்குது. "எங்கப்பன் வண்டி, எனக்குத்தான் வரணும்"னான். அந்த வண்டி அண்ணனுக்குப் போனதுலேர்ந்தே அவனுக்கு வயித்தெரிச்சல். பேச்சு வார்த்தை நின்னே பல வருஷம். ஒரே தெருவுல இருந்துக்கிட்டு! த்தூ.

கொண்டு போனவன் பாயிண்டை சரி பண்ணி மிதிச்சான். அடிச்சுது. குதிகால் வீங்கிப் போச்சு. இன்னொருத்தன்கிட்ட காட்டினான். அவன் மிதிச்சா, வெண்ணெய் மாதிரி ஸ்டார்ட் ஆகுது. இவன் மிதிச்சா... அடிக்குது. முட்டியில போட்டுது ஒன்னு. பக்கத்து வீட்டுல ஒரு காலேஜ் பொண்ணு, ஓமக்குச்சி மாதிரி இருக்கும். அதை விட்டு மிதிக்கச் சொல்லியிருக்கான். ஒரே மிதி, டுப்பு டுப்புன்னு ஓடுது. இவன் கிட்டப் போனான்... நின்னு போச்சு. சிரிக்காதீங்க. அவன் அன்னிக்கு சிரிக்கல.

அப்பத்தான் கரண்டுகிட்ட வந்தான். "என்னை மட்டும் திருப்பி அடிக்குது. இந்த பாயிண்ட் சனியனைத் தூக்கிக் கடாசு. எலக்ட்ரானிக் இக்னிஷன் போடு. ஞாயித்துக்கிழமை பழைய வண்டிங்க ஊர்வலம் வச்சிருக்கோம். நான்தான் முன்னாடி போறேன், ஊரே பாக்கணும்."

கரண்டுக்கு இவன் யாரு, வண்டி யாருதுன்னு ஒன்னும் தெரியாது. வேலை வந்தது, செஞ்சான். பாயிண்டைக் கழட்டினான். அந்த இடத்துல காந்தம் வச்ச சின்னத் தட்டு, அதுக்கு எதிர்ல ஒரு சென்சார். தேயறதுக்கு ஒன்னுமே இல்ல. பிளக்கைக் கழட்டி ஓட்டைக்குள்ள ஒரு குச்சிய விட்டு, பிஸ்டன் மேல வர்றதை விரல்ல பாத்து, உச்சிக்கு ஒரு மயிரிழை முன்னாடி நிறுத்தி, தட்டைத் திருப்பி, சென்சார் லைட்டு எரிஞ்ச இடத்துல முடுக்கினான். இனிமே இது திருப்பி அடிக்கவே முடியாது. சத்தியம் பண்ணுவான் அவன், அவ்வளவு சுத்தமான வேலை.

அப்புறம் மிதிச்சான். முதல் மிதியிலயே பிடிச்சுது.

இப்ப டைமிங் லைட்டு வச்சுப் பாக்கணும். பாத்திருக்கீங்கல்ல, துப்பாக்கி மாதிரி இருக்குமே? பிளக் வயர்ல கவ்வ விட்டா, பிளக் நெருப்பு விடுற ஒவ்வொரு தடவையும் பளிச் பளிச்சுன்னு வெட்டும். அந்த வெளிச்சத்துல பாத்தா, சுத்துற தட்டு சுத்தாம நிக்கிற மாதிரி தெரியும். அதுல இருக்கிற கோடு சரியான இடத்துல நின்னா டைமிங் சரி. வெயில் வெளிச்சத்துல சரியாத் தெரியாதுன்னு பட்டறை ஷட்டரை முக்காவாசி இறக்கினான். பட்டப்பகல்தான். உள்ள மட்டும் இருட்டு.

பளிச். பளிச். பளிச்.

கோடு ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. அச்சு அசல். சந்தோசத்துல கைய எடுக்கும்போது லைட்டு லேசா இந்தப் பக்கம் திரும்புச்சு... கிக்கர் பக்கம்.

கிக்கர் மேல ஒரு காலு.

செருப்பு இல்லாத காலு. பாதத்துல தாரு அப்பியிருக்கு. முட்டிக்குக் கீழ... மடங்கக் கூடாத இடத்துல மடங்கியிருக்கு. லைட்டை அணைச்சான், ஒன்னுமில்ல. வெறும் கிக்கர். போட்டான்... பளிச். இருக்கு. பளிச். இருக்கு. பிளக் நெருப்பு விடுற அந்தக் கணத்துல மட்டும் இருக்கு. அப்பத்தான் அந்த வாடை அடிச்சுதாம். பெட்ரோலும், வெயில்ல காஞ்ச ரத்தமும்.

அப்புறம் அந்தப் பாதம் மெதுவா... விரலை மடக்கி கிக்கரை இறுக்கிப் பிடிச்சுது.

எப்படி இன்ஜினை ஆஃப் பண்ணான், எப்படி ஷட்டரைத் தூக்கினான்னு அவனுக்கே தெரியாது. தூக்கினா, எதிர்ல ஒரு பொம்பள நிக்குது. "ஐயோ அம்மா"ன்னு அலறிட்டான்.

"பயப்படாதீங்க தம்பி"ன்னுச்சு அந்தம்மா. "தெருவுல போயிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுது. எங்க வீட்டுக்காரரு வண்டி. இதுலதான் அடிபட்டுப் போயிட்டாரு. தினமும் சாயங்காலம் இந்தச் சத்தத்துக்குத்தானே கதவைத் திறப்பேன்... அதான், காலு தானா இங்க வந்துடுச்சு."

கரண்டு திரும்பி கிக்கரைப் பாத்தான். அப்புறம் கேட்டான். "அக்கா... அவருக்கு அடிபட்டது எந்தக் காலு?"

"வலது காலு." அது வண்டிய விட்டு கண்ணை எடுக்கல. "ஆஸ்பத்திரியில கடைசியா பேசினாரு தம்பி. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு, சொல்லல. அவரு ரோட்டுல கெடந்தப்ப அவரு தம்பி, இப்ப இந்த வண்டிய வச்சிருக்கானே, அவன் அந்த வழியா வந்திருக்கான். வண்டிய நிறுத்தியிருக்கான். இவரு 'தம்பி, தூக்கி விடுடா'ன்னு கைய நீட்டியிருக்காரு. அவன் பாத்துக்கிட்டே நின்னுட்டு... போயிட்டான். தண்ணி கூட குடுக்கலையாம்."

கேட்டுக்கிட்டிருந்த எனக்கே வயிறு எரிஞ்சுது, உங்களுக்கு எரியலையா? கரண்டு மெதுவா சொன்னான், "அக்கா, இந்த வண்டி அவனை மட்டும் திருப்பி அடிக்குது."

அந்தம்மா வண்டி டேங்கைத் தொட்டுப் பாத்துச்சு. அப்புறம், "உசுரோட இருந்தவரைக்கும் திருப்பி அடிக்கத் தெரியாத மனுசன்"னு சொல்லுச்சு. அழும்னு நெனச்சான். அழல. சிரிக்கவும் இல்ல.

கரண்டு நேரா வண்டிகிட்ட போனான். எவனோ எப்படியோ போகட்டும், நம்ம பட்டறையில வேணாம்னு நெனச்சு, பேட்டரிலேர்ந்து இக்னிஷனுக்குப் போற ஃபியூஸைப் பிடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டான். ஃபியூஸ் இல்லன்னா நெருப்பு இல்ல. நெருப்பு இல்லன்னா ஸ்டார்ட்டும் ஆகாது, அடிக்கவும் அடிக்காது. புதுசா போட்ட இக்னிஷன் கிட்டு சரியில்ல, திருப்பி அனுப்பணும்னு சொல்லி வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லிடலாம்னு கணக்கு.

சொல்லவும் செஞ்சான். இளையவன் வந்ததும் சொன்னான். காது ரெண்டும் தக்காளியா செவந்திருக்கு, எவன் நம்புவான்? "தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்டுதே, எனக்கே காது குத்துறியா?"ன்னு அவனைத் தள்ளி விட்டுட்டு வண்டிய வெளிய உருட்டினான். அண்ணி வாசல்லதான் நிக்குது. அதைப் பாத்தான். பாத்துட்டு, வேணும்னே அது முன்னாடி கொண்டு போய் நிறுத்தி, ஏறி நின்னு...

மிதிச்சான்.

டக்...

அவன் விழுந்தான். வண்டி அவன் மேல சாஞ்சுது. சாஞ்சு கெடந்தபடியே ஓட ஆரம்பிச்சுது. டுப்பு... டுப்பு... டுப்பு... நிதானமா. கரண்டு பதறிப் போய் சட்டைப் பையைத் தடவுறான். ஃபியூஸ் பையிலதான் இருக்கு. சாவியத் திருப்புறான், நிக்கல. பிளக் வயரைப் பிடுங்கி எறிஞ்சான். அப்பவும் நிக்கல. பக்கத்துக் கடையிலேர்ந்து ஆளுங்க ஓடி வந்து தூக்குறாங்க, வெல்டிங் பட்டறைக்காரன் எருமை மாதிரி இருப்பான், அவனும் தம் கட்டித் தூக்குறான். ஒரு இம்மி அசையல. சூடேறிக்கிட்டே போற சைலன்சர் தொடை மேல. தோலு பொசுங்குற வாடை வருது.

"அண்ணி! அண்ணி, சொல்லுங்க அண்ணி!"ன்னு கத்துறான். யாருகிட்ட சொல்லணும்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு பாரு.

"அக்கா, ஏதாவது பண்ணுங்கக்கா"ன்னு கரண்டும் கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தம்மா புடவையைச் சரி பண்ணிக்கிட்டு, பட்டறை வாசல்ல கெடந்த பழைய டயர் மேல உக்காந்துச்சு. "அவரு பொழுது சாயிற வரைக்கும் கெடந்தாரு தம்பி"ன்னுச்சு. அவ்வளவுதான்.

உக்காந்தே இருந்துச்சு. வண்டியும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவன் கத்திக் கத்தி தொண்டை கட்டி, வெறும் காத்தா வருது. கடப்பாரை வச்சு நெம்பினாங்க, கடப்பாரை வளைஞ்சுது.

வெயில் இறங்குச்சு. தெரு மஞ்சளாச்சு. அந்தம்மா எழுந்து, "போதுங்க"ன்னுச்சு.

இன்ஜின் நின்னுச்சு. கரண்டு ஒத்தக் கையால வண்டியத் தூக்கி நிறுத்தினான். இளையவன் பொழைச்சான். அவன் காலு பொழைக்கல.

எல்லாரும் அவனை ஆட்டோவுல ஏத்துறதுல மும்முரமா இருக்காங்க. கரண்டு மட்டும் அந்தம்மாவைப் பாத்துக்கிட்டிருந்தான். அது யாரையும் திரும்பிப் பாக்கல. "வாங்க, வீட்டுக்குப் போலாம்"னு மெல்ல சொல்லிட்டு நடந்துச்சு. தனியாத்தான் போகுது. ஆனா இடது கையை இப்படி லேசா மடக்கி நீட்டிக்கிட்டு, அந்தப் பக்கத் தோளு பாரத்துல தாழ்ந்து, ஒவ்வொரு எட்டுக்கும் நின்னு... நின்னு... கூட வர்றவருக்காகக் காத்திருந்து போச்சாம்.