நாற்பத்தொரு பூட்ஸின் காலி இடம்

பிற்பகல் இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம். போன செவ்வாய்க்கிழமை. ஒரு மீன்பிடிப் படகின் எஞ்சின் அறையில் மல்லாந்து படுத்து, திருகாணியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஆழம் காட்டும் கருவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது!

செய்தி என்னவென்று சொல்வதற்கு முன், சபைக்கு என் வணக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலைவர் என் காதைத் திருகுவார்.

எவ்வளவு நீண்ட கூட்டமானாலும் கடல் உள்வாங்கி வற்றுவதற்குள் முடித்து வைக்கும் கண்டிப்புக்கு உரியவரே, நம் ஊர் மட்டிச் சிப்பிக் குழுவின் தலைவரே, மேவிஸ் தாக்ஸ்டர் அம்மையாரே! கையிலே மட்டி அளக்கும் பித்தளை வளையமும் கண்ணிலே கறார்த்தனமுமாய் நம் சேற்றுவெளியைக் காத்துவரும் காவலர் வெண்டல் க்ரோலி அவர்களே! நூற்றைம்பது மைல் கார் ஓட்டி வந்து, கால் ஆடும் நம் நாற்காலியில் கௌரவத்தோடு உட்கார்ந்திருக்கும் நகரத்து அருங்காட்சியகத்தின் ஆன் ஃபென்விக் அம்மையாரே! இந்தக் கொட்டகையில் மத்தி மீன் டப்பா அடைத்த காலத்தைப் பார்த்த பெரியவர்களே! வேலையில் முதுகு வளைந்தாலும் வேறு எவர் முன்னும் வளையாத தாய்மார்களே! பின்வரிசையில் பேச்சை விட்டு டோனட் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் டெவின் ஆலியின் மாலை வணக்கம்!

எனக்கு மேடை புதிது. ரேடார் பழக்கம், சாலிடர் பழக்கம், சர்க்யூட் பழக்கம். சபை பழக்கமில்லை. ஆகவே பிழை இருந்தால் பொறுத்தருள்க. பொறுக்க முடியாதவர்கள் பெர்னிஸ் அக்காவிடம் சொல்லுங்கள். அவர் எப்படியும் நடுவில் கத்தத்தான் போகிறார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே கண்ணு, அதுக்குள்ள என்னை இழுக்குற!"

பார்த்தீர்களா? சொன்னேன் அல்லவா?

இந்த ஒன்பது நாளும் இந்தக் கொட்டகையில் நீங்கள் பார்த்தது என்ன? நீளமான பலகை. அதன்மேல் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள்ளே நாற்பத்தொரு மண்ணுருண்டை. முதல் நாள் ஒருவர் உருளைக்கிழங்கு என்றார். ஒருவர் கரடிச் சாணம் என்றார். ஒரு பெரிய மனிதர், பெயர் சொல்ல மாட்டேன், "இதுக்கா குழு மண்டபத்தைக் குடுத்துச்சு?" என்றார். மேவிஸ் அம்மா, நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்?

அது கிழங்கல்ல, சாணமல்ல. அது காலி இடம்! பெண்ணின் கால் முடிகிற இடத்துக்கும் பூட்ஸ் முடிகிற இடத்துக்கும் நடுவே, யாரும் எண்ணிப் பார்க்காத, யாரும் ஏறிட்டுப் பார்க்காத காலி இடம்!

என் மனைவி நோரீன் சேற்றில் மட்டி தோண்டுகிறவள். மிச்ச நேரத்தில் கலைஞர். "ரெண்டும் குனிஞ்சு செய்யற வேலைதான்" என்பாள். இந்தக் குடாவிலே பெண்கள் எத்தனை தலைமுறையாய்ச் சேற்றில் இறங்குகிறார்கள்? அவர்களுக்கென்று நம் ஊர்க் கடையில் என்றைக்காவது ஒரு ஜோடி பூட்ஸ் வந்ததுண்டா? நோரீன் ஒருமுறை நேரே போய்க் கேட்டாள்.

"பொம்பளைங்க அளவுல தொடை வரைக்கும் வர்ற பூட்ஸ் இருக்கா?"

கடைக்காரர் சாவகாசமாய்ச் சொன்னார்: "குழந்தைங்க பக்கம் பாரும்மா. வாத்துப் படம் போட்டது ஒண்ணு இருக்கு."

வாத்துப் படம்! முழங்கால் முங்கும் சேற்றில் மூன்று மணி நேரம் நிற்கிறவளுக்கு வாத்துப் படம்! சிரியுங்கள், சிரியுங்கள். அவளும் அன்றைக்கு வீடு வரும்வரை சிரித்தாள். வந்ததும் பென்சிலை எடுத்தாள்.

ஆறாம் நம்பர் கால், பத்தாம் நம்பர் பூட்ஸ். முனையில் எதையாவது திணிக்க வேண்டும். திணிக்காவிட்டால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும். கால் மட்டும் வெளியே வரும். வீடு வீடாய்ப் போனாள். "அக்கா, உங்க பூட்ஸுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?" ஒரு வீட்டில் கிழிந்த கம்பளி. ஒரு வீட்டில் செய்தித்தாள். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. ஒரு வீட்டில் விவாகரத்துக் காகிதம்!

"அது நல்லா மெத்துன்னு இருக்கும்டா!"

நன்றி பெர்னிஸ் அக்கா. அது யார் வீடென்று நான் சொல்லாமலே இருந்தேன்.

திணித்ததை நோரீன் உருவுவாள். மெல்லிய துணிப்பையில் நம் குடாவின் சேற்றை அள்ளிப்போட்டு, பூட்ஸ் முனைக்குத் தள்ளி, "காலை விடுங்க" என்பாள். கால் அழுத்தும். கால் வெளியே வரும். பையை இழுத்து உரித்தால் உள்ளே ஓர் உருவம்: ஒரு பக்கம் விரல்களின் பள்ளம், மறுபக்கம் பூட்ஸின் வளைவு. அதன் அடியில் தன் கட்டைவிரலை ஒருமுறை அழுத்துவாள். அதுதான் அவள் கையெழுத்து.

முதல் இரண்டு உருண்டையும் பெர்னிஸ் அக்காவுடையவை. அதே கால், அதே நம்பர் பூட்ஸ். ஆனால் ஒன்று சின்ன ஆரஞ்சு அளவு, இன்னொன்று பெரிய கிழங்கு அளவு. எனக்குத் தலை சுற்றியது. தொழில் புத்தி. பிளாஸ்டிக்கில் சுற்றி, அளவுக் குவளைத் தண்ணீரில் முக்கி, இரண்டு தடவை அளந்தேன். நோரீன் கேட்டாள்: "என்னங்க, சமைக்கிறீங்களா?"

பதிலைப் பெர்னிஸ் அக்காதான் சொன்னார். "சின்னது நான் முதமுதல்ல எறங்கின குளிர்காலத்துக் கணக்கு. அப்பல்லாம் கரை முழுக்க ஐஸு. மூணு கம்பளி சாக்ஸ் போடுவேன், அதே மாதிரி போட்டுத்தான் காலை விட்டேன். பெருசு இப்ப உள்ளது. ஒரு சாக்ஸே வேர்க்குது."

கேட்டீர்களா சபையோரே? குளிர் குறையக் குறைய, சாக்ஸ் குறைகிறது. சாக்ஸ் குறையக் குறைய, காலி இடம் பெருகுகிறது! ஐஸ் வந்தால் செத்துப்போகும் பச்சை நண்டு இப்போது சாவதில்லை. குஞ்சு மட்டியைக் கொறித்துத் தீர்க்கிறது. அதைச் சொல்லப் பெரிய அறிக்கைகள் உண்டு, அட்டவணைகள் உண்டு. ஆனால் கடல் சூடாவதை ஒரு பெண்ணின் கால்விரலுக்கு முன்னால் வைத்து அளந்தவள் யார்? அவள்தான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முப்பத்தேழாம் உருண்டைக்குப் பெயர்ச்சீட்டு இல்லை. ஒன்பது நாளாய் இந்த ஊரே "யாருது, யாருது" என்று கேட்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் நோரீன் வாக்குக் கொடுத்திருக்கிறாள். எனவே...

"என்னுது."

சபையோரே, எழுந்து நிற்பவர் காவலர் வெண்டல் க்ரோலி!

"என்னுதுதான். ஏழாம் நம்பர் காலு. இருபத்தாறு வருஷமா முனையில துண்டு வச்சுத்தான் உங்களையெல்லாம் துரத்திக்கிட்டிருக்கேன். சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ. அந்தப் புள்ள சிரிக்கல. கொல்லைப்புறமா வந்தேன். 'உக்காருங்கண்ணே, காலை விடுங்க'ன்னா. அவ்ளோதான்."

கைதட்டுங்கள்! ஆண் என்றால் பத்தாம் நம்பர், பெண் என்றால் வாத்துப் படம் என்று நமக்குச் சொன்னது யார்? சேறு கேட்டதா? கடல் கேட்டதா?

மன்னிக்கவும்... என் சட்டைப்பையில் சத்தம். தலைவர் முறைக்கிறார். போனை அணைத்து வையுங்கள் என்று கூட்டம் தொடங்கும்போதே சொன்னார். அணைக்காதவன் நான் ஒருவன்தான். இது யாருடைய அழைப்பும் அல்ல. இது அந்தக் கண்ணாடிப் பெட்டி.

பச்சை மண் காய்ந்தால் வெடிக்கும். பெட்டிக்குள்ளே ஈரம் அளக்கும் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். எழுபது சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் என் போன் கூவும். நான் போய்த் தண்ணீர் தெளிப்பேன். பதினோரு மாதமாய்! பல் டாக்டர் வாய்க்குள் கையை வைத்திருக்கும்போது எழுந்து ஓடியிருக்கிறேன். பாதிரியார் ஜெபத்தின் நடுவே ஓடியிருக்கிறேன்.

பதினோரு மாதத்துக்கு முன்பு நோரீன் இறந்துபோனாள். மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. முப்பத்தொரு வயது. அந்தச் செய்தி வந்த மணியும் நிமிடமும் கூட எனக்குத் தெரியும். அதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். நான் அழவில்லை, அளந்தேன். ஈரத்தை அளந்தேன், வெப்பத்தை அளந்தேன். அளந்துகொண்டிருந்தால் அடுத்த நிமிடம் வந்துவிடும். பெர்னிஸ் அக்கா, அந்தக் கைக்குட்டையை உள்ளே வையுங்கள். இது கலகலப்பான கூட்டம்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வந்த செய்தி இதுதான்: நாற்பத்தொன்றையும் நகரத்து அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்கிறது. சூளையில் சுட்டு, கல்லாக்கி, நிரந்தரமாய் வைக்கும். நூறாண்டு நிற்கும். சம்மதமா?

நோரீன் தன் கையால் எழுதி முதல் அட்டையில் ஒட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும்: "கடைசி நாள், கடல் வற்றியதும், எடுத்த இடத்திலேயே திருப்பிப் போடவும்." எனக்கும் தெரியும். தெரிந்தும், இரண்டு நாற்பதுக்கு "சம்மதம்" என்று அனுப்பினேன். இரண்டே நிமிடம்! வாயிலிருந்த திருகாணியைக்கூட எடுக்கவில்லை.

ஏன்? ஒவ்வொன்றின் அடியிலும் அவள் கட்டைவிரல் இருக்கிறது. கடலில் போட்டால் ஆறு மணி நேரத்தில் கரையும். சுட்டு வைத்தால் நான் போன பிறகும் இருக்கும். இதற்குமேல் எனக்குக் காரணம் தெரியவில்லை.

புதன்கிழமை ஊருக்குத் தெரிந்தது. பாதி ஊர் என்னோடு பேசவில்லை. மீதிப் பாதி பேசியதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். தபால் நிலையத்தில் பெர்னிஸ் அக்கா என் காலரைப் பிடித்தார்.

"அவ என்கிட்ட கேட்டுத்தான்டா எடுத்தா. திருப்பிப் போடுவேன்னு சொல்லித்தான் எடுத்தா. நீ யாருடா அதைச் சுட?"

"அவ புருஷன் அக்கா."

"அதனாலதான் அறையாம விடுறேன்."

வியாழக்கிழமை நான் இங்கே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது வெண்டல் அண்ணன் வந்தார். முழுச் சீருடை. கையிலே பித்தளை வளையம்.

"டேய் டெவின், பெட்டியத் தொற. சோதனை."

"உள்ள மட்டியா இருக்கு? மண்ணுண்ணே."

"நம்ம சேத்துல இருந்து வந்தா எனக்கு எல்லாம் ஒண்ணுதான். தொற."

இரண்டு அங்குல வளையம். அதற்குள் நுழைகிற மட்டி இன்னும் சிறிசு. திருப்பிப் போட வேண்டும். இந்த ஊரில் நடக்கப் பழகுமுன் நாம் பழகுகிற சட்டம் இது. வெண்டல் அண்ணன் ஒவ்வோர் உருண்டையாய் வளையத்தில் வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. நுழையவில்லை. நாற்பதும் நுழையவில்லை. கடைசி ஒன்று நோரீனுடையது. அவளுக்குப் பெரிய கால். உங்களுக்கெல்லாம் தெரியும், கேலி செய்யாதவர் யார்? நானும் அவளும் ஒரே ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டவர்கள். அவள் காலுக்கு முன்னால் காலி இடம் அதிகம் இருந்ததில்லை.

அது வளையத்துக்குள் சுலபமாய் நுழைந்தது.

அவர் அதை என் உள்ளங்கையில் வைத்தார். "சின்னது" என்றார். "சட்டம் உனக்குத் தெரியும்." தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சட்டம் கிடக்கட்டும், நான் அவள் விரல் ரேகையைப் பார்க்கிறேன் என்று உருண்டையைத் திருப்பினேன். சாலிடர் வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். சபையோரே, கட்டைவிரல் குழி இருந்தது. ரேகை இல்லை! ஒரு கோடும் இல்லை. அடுத்ததை எடுத்தேன். இல்லை. நாற்பத்தொன்றையும் பார்த்தேன். தண்ணீர் தெளித்துத் தெளித்து, பதினோரு மாதமாய், ஒவ்வொரு கோடாய், நானே அழித்திருக்கிறேன்.

காக்கிறேன் என்று நினைத்த கைதான் கரைத்தது! வெடிக்கக் கூடாது என்று வார்த்த தண்ணீர்தான் வழித்தெடுத்தது! கடல் ஆறு மணி நேரத்தில் செய்வதை நான் பதினோரு மாதம் போராடிச் செய்திருக்கிறேன். கெட்டிக்காரன் அல்லவா?

எதை நான் சூளையில் வைப்பேன்? குழியையா? குழி எங்கள் வீடு முழுக்க இருக்கிறது. அதைச் சுட வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை ஃபென்விக் அம்மையாருக்கு எழுதினேன்: "மன்னிக்கவும், சம்மதமில்லை. திருப்பிப் போடுகிறோம்." கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: "நானும் வரலாமா? எனக்கு பூட்ஸ் வேண்டும்." இருப்பது பத்தாம் நம்பர்தான் என்றேன். அம்மையார் இப்போது போட்டிருப்பது நானும் நோரீனும் போட்ட அந்த ஜோடி. முனையில் என்ன திணித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க மியூசியத்தோட விளம்பரத் தாளுதான். முதல் தடவையா உருப்படியா பயன்படுது."

கைதட்டல் அவருக்குத்தான்!

கலை எதற்கு என்று கேட்டீர்கள். சுவரில் தொங்கவா? கண்ணாடிக்குள் தூங்கவா? இருக்கலாம், அதுவும் இருக்கட்டும். ஆனால் இந்தக் கலை நமக்கு ஒன்றைக் காட்டியது. நமக்கென்று அளவெடுக்காத பூட்ஸிலே நின்றுகொண்டு, நமக்காகக் காத்திராத கடலிலே இறங்கி, காலி இடத்தைக் கந்தலால் நிரப்பிக்கொண்டு நாம் இத்தனை காலம் நடந்திருக்கிறோம். அந்த நடைக்கு ஒருத்தி உருவம் கொடுத்தாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாள். கொடுக்க வேண்டும்!

கடல் ஐந்து இருபதுக்கு முழுதாய் வற்றுகிறது. இன்னும் பதினெட்டு நிமிடம். அவரவர் உருண்டையை அவரவர் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டல் அண்ணே, உங்களுடையதை நீங்கள் வாசல் வழியாகவே எடுத்துப் போகலாம். சிறிசை நான் எடுத்து வருகிறேன்.

மண்டபம் தந்த குழுவுக்கும், மண்ணைத் தந்த குடாவுக்கும், காலைத் தந்த தாய்மார்களுக்கும், காலரைப் பிடித்த பெர்னிஸ் அக்காவுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி. நோரீனின் சார்பிலும் வணக்கம்.

மறந்துவிட்டேன். மேவிஸ் அம்மா, தாமதத்துக்கு மன்னியுங்கள். பெட்டி மறுபடி கூவிக்கொண்டிருந்தது. போனை அணைத்துவிட்டேன்.