வட்டுக்குள் ஒரு பாலம்

— பொறுங்க சார். இது என் கம்ப்யூட்டர் கடை. உங்க பழைய ஆபீஸ் இல்ல, பெல் அடிச்சதும் ஃபைல் ஓடி வர்றதுக்கு.

— கோவிச்சுக்காதம்மா. அரை மணி நேரமா டிஸ்க் சுத்துது, பாலத்தோட படம் வரலையேன்னு கேட்டேன்.

— நீங்க கொண்டு வந்தது இருபத்தெட்டு வருஷப் பழைய டிஸ்க். இதைத் திறக்கிற சாஃப்ட்வேர் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்லதான் ஓடும். அதனால இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே அப்படி ஒண்ணை ஓட வச்சிருக்கேன். வெர்ச்சுவல் மெஷின். நிஜத்துல பெட்டியே கிடையாது.

— அதுக்கு டிஸ்க் கண்ணுக்குத் தெரியலையாக்கும்?

— டிஸ்க்கைப் போட்ட டிரைவ் இருக்கிறது வெளிக் கம்ப்யூட்டர்ல. உள்ள இருக்கிறதுக்கு, 'இந்தா, இதுதான் உன் டிரைவ்'னு நாமதான் சேத்து விடணும்... ச்சே! பட்டன் அமுங்க மாட்டேங்குது.

— என்னாச்சு?

— என் புத்தி! மெஷினைத் தூங்கத்தான் வச்சிருக்கேன், அணைக்கல. முழுசா அணைச்சாத்தான் சேக்க விடும். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் நான் சொல்ற பாடம் இது. உங்களைப் பாத்த கோவத்துல நானே மறந்துட்டேன்.

— என் மேல இன்னும் அவ்வளவு கோவமா?

— இருக்காதா பின்ன? எட்டு மாசம் உக்காந்து கணக்குப் போட்டு அந்தப் பாலத்தை வரைஞ்சது நான். படத்து மூலையில கையெழுத்து உங்களது. விருதும் உங்களுக்கு. நான் வேலைய விட்டப்போ 'ஏம்மா'ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— ஆபீஸ் வழக்கம் அப்படிம்மா. பெரியவன் கையெழுத்துதான் இருக்கும்.

— வழக்கத்தைக் கொண்டு வந்தது யாராம்? பெரியவங்கதானே! சரி, அணைச்சாச்சு. டிரைவ் சேத்தாச்சு. 'இணைப்பு'ல டிக் போட்டாச்சு. ஆன் பண்றேன்.

— நாளைக்குப் பாலத்துக்கு இருபத்தஞ்சாவது வருஷம். கல்வெட்டு வைக்கிறாங்க.

— பேப்பர்ல பாத்தேன். உங்க பேரை நல்லா பெருசாவே செதுக்கச் சொல்லுங்க... அட, டிரைவ் வந்துருச்சு சார்!

— திற, திற!

— ஐயோ... பாருங்க சார், என் வளைவு! ஒரு தூண்கூட தண்ணிக்குள்ள இறங்காம, கரைக்குக் கரை ஒரே தாவு. எத்தனை வெள்ளம் பாத்துருச்சு, ஒரு விரிசல் உண்டா? நெஞ்சை நிமித்திச் சொல்வேன், இது நான் பெத்த பாலம்.

— யாரு வரைஞ்சதுன்னு ஃபைலுக்குள்ளயே பதிஞ்சிருக்குமாமே?

— இதோ. 'மேசை நாலு.' என் மேசை. பதினேழு தடவை திருத்தினதும் மேசை நாலு. உங்க பேரு ஒரு இடத்துலயும் இல்ல. இந்த 'மேசை நாலை' அழிக்கத்தானே வந்தீங்க? என்னால முடியாது.

— அழிக்காத. அப்படியே பிரிண்ட் எடு. நாலாவது மேசை யாருதுன்னு கீழ நான் எழுதிக் கையெழுத்துப் போடறேன்.

— எதுக்கு சார்?

— கல்வெட்டுல என் பேருக்குப் பதிலா உன் பேரைப் போடச் சொன்னேன், ஆதாரம் கேட்டாங்க. கல் செதுக்கறவரு வாசல்ல காத்திருக்காரு. மூணு வருஷம் என்கிட்ட வேலை பாத்திருக்க, உன் இனிஷியல்கூட எனக்குத் தெரியலம்மா. சொல்லு, என்ன போடணும்?