நோயின் கோடு வேறு, மருந்தின் கோடு வேறு என்று காட்டியவருக்கு

இரத்தப் புரதப் பரிசோதனைக் கூடத்தின் தலைவராக இருந்து இன்று பணி நிறைவு பெறும் டாக்டரம்மா அவர்களுக்கு, அதே கூடத்தில் உடன் உழைத்தோர் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல்.

அவசரம் அறியாத பார்வைக்கு உரியவரே! ஆள் பார்த்து மாறாத கையொப்பம் உடையவரே! தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டுமே சொன்னவரே!

இத்தகைய மடலில் அடைமொழிகளை அடுக்குவது மரபு. நாங்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். நான்காவது சொன்னால் ஆதாரம் கேட்பீர்கள்.

முன்வரிசையில் உங்கள் கணவரும் மகளும் அமர்ந்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் நீங்கள் வீட்டுக்குத் தாமதமாகப் போனதற்குக் காரணம் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். காரணம் ஒரு கோடு.

இரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒரு சொட்டு எடுத்து, ஜெல் தகட்டில் வைத்து, மின்சாரம் பாய்ச்சுகிறோம். புரதங்கள் தத்தம் வேகத்தில் ஓடி, தத்தம் இடத்தில் நிற்கின்றன. சாயம் ஏற்றினால் தெரியும். நோயை எதிர்க்கும் புரதங்கள் எண்ணற்ற வகை என்பதால், அவை நிற்கும் பகுதி புகைபோல் மங்கலாகப் பரவியிருக்கும். அதுவே நலம். எலும்பு மஜ்ஜையில் இப்புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல் ஒன்றே ஒன்று அடங்காமல் பெருகினால், அதன் வாரிசுகள் அனைத்தும் ஒரே புரதத்தைச் சுரக்கும். புகையின் நடுவே கோடு விழும். அது புற்றுநோயாக இருக்கலாம். ஒன்றும் செய்யாமல் ஆயுள் முழுவதும் கூடவே வருகிற கோடாகவும் இருக்கலாம்.

இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை நோயாளிகளிடம் நேரில் போய்ச் சொன்ன தலைவர் நீங்கள். பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர் ஆண்டுதோறும் வருவார். முதல் முறை அழுதார். சென்ற முறை உங்களிடம் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது.

"அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன் டாக்டரம்மா. என் மச்சான் மாதிரி. வீட்டை விட்டுப் போகவும் மாட்டான், சண்டைக்கும் வர மாட்டான்."

"சண்டைக்கு வந்தா சொல்லுங்க."

"யாரு, மச்சானா?"

நீங்கள் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. அன்று பார்த்தோம்.

உங்கள் பணிச்சிறப்புகளை வரிசையாகச் சொல்ல நீங்கள் விரும்பமாட்டீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறோம். அதற்குரியவர் இந்த அறையிலேயே இருக்கிறார். சொல்லச் சொன்னவரும் அவரே.

எங்கள் கூடத்தில் இரத்தம் எடுப்பவருக்குப் பெயர் எறும்பு. "ஊசியா போட்டீங்க? எறும்பு கடிச்ச மாதிரிதானே இருந்துச்சு" என்று யாரோ சொல்லப்போய் ஒட்டிக்கொண்ட பெயர். வயதில் இளையவர்களுக்கு எறும்பு அண்ணன். கண்ணுக்குப் புலப்படாத இரத்தக்குழாயை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பார். குழந்தைகள் பிரிவில் மூவர் தோற்ற பின் அவரைக் கூப்பிடுவார்கள்.

அவருக்கே அந்தப் புற்றுநோய் வந்தது. முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவரின் இரத்தத்தில் கோடு தடிமனாக நின்றது. சிகிச்சை நடந்தது. கோடு மெலிந்தது, மறைந்தது. சொட்டு சொட்டாக ஏற்றும் மருந்து மட்டும் தொடர்ந்தது. வேலைக்குத் திரும்பும் நாளைக்கூட அவர் குறித்துவிட்டார்.

அப்போதுதான் அந்தத் தகடு வந்தது. பெயர்களை வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டுத் தகட்டைப் படிப்பது உங்கள் வழக்கம். நான்காவது மாதிரி ஓடிய தடத்தில் விரல் வைத்து, "மெல்லிய கோடு, புதுசு" என்றீர்கள். பிறகு தாளை விலக்கினீர்கள். எறும்பின் பெயர் இருந்தது.

"கொஞ்சம் மங்கலாத்தானே இருக்கு டாக்டரம்மா, அடுத்த தடவை பாத்துக்கலாமே" என்று எங்களில் ஒருவர் கேட்டார்.

"பேரைப் பாத்ததும் கண்ணு மங்குதா?"

அறிக்கை அன்றே போனது. புற்றுநோய் மருத்துவர் மருந்தை மாற்ற முடிவு செய்தார். அவர் கவலை நியாயமானது. நோய் திரும்பியிருந்தால் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நட்டம். ஆனால் மாற்று மருந்து பலருக்கு விரல் நுனிகளை மரக்கச் செய்யும். சிலருக்கு உணர்வு திரும்புவதேயில்லை.

எறும்பு உங்கள் அறைக்கு வந்து நின்றார்.

"விரல் மரத்துப்போச்சுன்னா நான் இங்க என்ன செய்யறது? டோக்கன் குடுக்கவா?"

"டோக்கன் குடுக்கறது கேவலமா?"

"கேவலம் இல்ல. ஆனா டோக்கன் குடுக்கறவனை யாரும் எறும்புன்னு கூப்பிட மாட்டாங்க டாக்டரம்மா."

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. கேள்வி கேட்டீர்கள்.

"இந்த ரத்தம் எப்ப எடுத்தது?"

"மருந்து ஏத்தி முடிச்ச உடனே."

"எந்தக் கையில?"

அவர் தரையைப் பார்த்தார். "அதே கையில. மருந்து ஏத்தின ஊசி வழியாவே எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

"ஊருக்கெல்லாம் கூடாதுன்னு சொல்றது நீங்கதானே?"

"அடுத்தவங்களுக்குப் போடும்போது ஒண்ணும் தெரியாது. எனக்குன்னா பயம். ஒரு குத்து மிச்சமாகுமேன்னு..."

வெளியே நின்ற எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் ஊசி போட்டவர், ஒரு ஊசிக்குப் பயந்து தன் மாதிரியைத் தானே கெடுத்துக்கொண்டார்.

அவருக்கு ஏற்றிய மருந்தும் ஓர் எதிர்ப்புப் புரதம்தான், ஆலையில் செய்தது. எனவே அதுவும் தகட்டில் கோடாகத்தான் நிற்கும். மறுநாள் காலை மற்றக் கையில் எடுத்தோம். கோடு மெலிந்தது, மறையவில்லை. உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து அது. எஞ்சியது மருந்தா, நோயா? இரண்டும் ஒரே வகைப் புரதம் என்பதால் வகை பார்க்கும் பரிசோதனையாலும் பிரிக்க முடியவில்லை. மருத்துவரிடம் இரண்டு நாள் தவணை வாங்கினீர்கள்.

வார்டிலிருந்து காலி மருந்துக் குப்பியை வரவழைத்தீர்கள். அடியில் சில துளிகள் இருந்தன. அதைக் கலக்க நோயற்ற ஒருவரின் இரத்தநீர் தேவைப்பட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டு நீங்களே நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். எடுத்தவர் எறும்பு.

ஒரே தகட்டில் மூன்று தடங்கள். முதலாவதில், நோய் முற்றியிருந்தபோது எடுத்து உறைபெட்டியில் வைத்திருந்த அவருடைய பழைய மாதிரி. நடுவில், அவருடைய புதிய மாதிரி. மூன்றாவதில், மருந்து கலந்த உங்கள் இரத்தநீர். சாயம் ஏறும்வரை எறும்பு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

நடுக்கோடும் மூன்றாவது கோடும் ஒரே மட்டத்தில் நின்றன. நோயின் கோடு அவற்றிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி நின்றது. புதிய மாதிரியில் அந்த இடம் வெறும் புகையாக இருந்தது.

நீங்கள் எழுதினீர்கள்: "இக்கோடு மருந்தினுடையது. நோயின் பழைய கோடு இம்மாதிரியில் காணப்படவில்லை."

வாங்கிப் படித்த எறும்பு அங்கேயே நின்றார். "இல்லைன்னு எழுதலாமே டாக்டரம்மா. வீட்டுல படிச்சா நிம்மதியா இருக்கும்."

"இல்லைன்னு சொல்ல எனக்கு வழி கிடையாது. கண்ணுக்குப் படலைன்னுதான் சொல்ல முடியும்."

அவருக்கு முகம் சுருங்கியது. எங்களுக்கும்தான். ஒரு சொல்லில் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தோம். பிறகு அவரே தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"பரவாயில்ல. கண்ணு படாம இருந்தாலே போதும்."

மருத்துவர் நேரில் வந்து தகட்டை நெடுநேரம் பார்த்தார். பழைய மருந்தே தொடர்ந்தது. அந்த மருந்து பெறும் எல்லோருக்கும் இப்படி மருந்துத் தடம் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டுங்கள் என்று அவரே எழுதிக் கேட்டார். இன்றும் ஓட்டுகிறோம்.

அந்தச் சொல்லை இப்போது நாங்கள் வேறுவிதமாகப் படிக்கிறோம். 'இல்லை' என்று எழுதியிருந்தால் எறும்பு அடுத்த பரிசோதனைக்கு வந்திருக்கமாட்டார், ஊசிக்குப் பயந்தவர். 'காணப்படவில்லை' என்று எழுதியதால் தவறாமல் வருகிறார், மருந்து ஏற்றுவதற்கு முன், மற்றக் கையை நீட்டிக்கொண்டு. அந்த நோய் திரும்பக்கூடியது. அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே காலையில் வந்து கையுறை மாட்டிக்கொள்கிறார். உங்கள் அறிக்கை அவருக்குப் பொய்யான நிம்மதியைத் தரவில்லை. வேலை செய்யக்கூடிய நிம்மதியைத் தந்தது.

கண்டதைக் குறைக்காமலும், காணாததைக் கூட்டாமலும் கையெழுத்திட்ட பெருமைக்குரியவரே! நீண்ட ஆயுள் பெறுக என்று வாழ்த்துவது முறை. எவ்வளவு நீளம் என்று சொல்ல எங்களிடம் பரிசோதனை ஏதுமில்லை. ஆகவே, எலும்பில் வலியின்றி, உறக்கத்தில் குறைவின்றி, வீட்டில் விளக்கேற்றும் நேரத்துக்கு வீட்டிலேயே இருந்து, உற்றார் சூழ வாழ்க என வாழ்த்துகிறோம்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது நோயாளிகள் வரிசையில் வந்து உட்காருங்கள். டோக்கன் வேறொருவர் தருவார். கையை நீட்டினால், எறும்பு கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார். அந்த விரல்களுக்கு இன்றும் தெரிகிறது.

நன்றி மறவாத,
இரத்தப் புரதப் பரிசோதனைக் கூடத்துப் பணியாளர்கள்