தாளில் இல்லாத சங்கு

ஹாத்திம்: இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காத, கிஸ்லான். வேணும்னா கால்ல விழறேன்.

கிஸ்லான்: விழு, பார்க்கலாம்... ஏன், நான் பேசினா உன் மார்க் குறைஞ்சிடுமா?

ஹாத்திம்: மார்க் கிடக்கட்டும்.

கிஸ்லான்: கிடக்குமா? பாதி மார்க்கே வகுப்புல பேசறதுக்குத்தான். இன்னைக்கு லம்யா மேடம் முதல்ல என்னைத்தான் எழுப்புவாங்க. நேத்தே ஒரு பார்வை பார்த்துட்டுப் போனாங்க.

ஹாத்திம்: எழுப்பினா, படிக்கலைன்னு சொல்லிடு.

கிஸ்லான்: அடேங்கப்பா! அதைச் சொல்றதுக்கா கசபிளாங்கா வரைக்கும் வந்தேன்?

ஹாத்திம்: விளையாடாத. இந்த மேனேஜ்மென்ட் பள்ளி ஒரு தானியக் கிடங்குல, இருபத்திரண்டு பேரோட தொடங்கினப்போ, நிறுவனர் தன் கையால எழுதின முதல் கேஸ் இது, ஃபாக்டரிய மூடின ஒரு மேனேஜரோட நிஜக் கதை. வருஷா வருஷம்...

கிஸ்லான்: தெரியும்ப்பா. 'இங்கே விடை சொல்லித் தர மாட்டோம். முடிவெடுப்பவர் நாற்காலியில் உட்கார வைப்போம்.' வாசல்லயே எழுதி வெச்சிருக்காங்களே. உட்காரத்தான் போறேன்.

ஹாத்திம்: நீ உட்காரப் போறதில்ல. மிதிக்கப் போற. 'மேனேஜர் ஒரு கோழை'ன்னு எழுதி, கீழே ரெண்டு கோடு வேற.

கிஸ்லான்: என் நோட்டை எதுக்குத் தொட்ட?

ஹாத்திம்: டீ கிளாஸுக்கு அடியில இருந்துச்சு... சரி, எடுத்துப் பார்த்தேன். தப்புதான். ஆனா நீயே சொல்லு. மீன் கூட்டம் தெக்கே போயிடுச்சு. மத்தி மீனை டின்ல அடைக்கிற ஃபாக்டரிய மூடாம என்ன பண்ணுவார் மனுஷன்? பதினேழு வருஷமா ஒவ்வொரு வகுப்பும் கை தூக்கி, மூடினது சரின்னுதான் சொல்லியிருக்கு.

கிஸ்லான்: சொல்லாம? 'தற்காலிகக் கூலிகள், நானூறு பெண்கள்.' அவ்வளவுதானே தாள்ல இருக்கு.

ஹாத்திம்: வேற என்ன இருக்கணும்?

கிஸ்லான்: சங்கு.

ஹாத்திம்: ...என்ன சங்கு?

கிஸ்லான்: படகு வந்தா ஃபாக்டரில சங்கு ஊதும். வீட்டுல பிசைஞ்ச மாவை அப்படியே போட்டுட்டு ஓடணும். பிந்தினா அன்னைக்கு வேலை கிடையாது. கடைசி நாளும் ஊதுச்சு. எல்லாரும் ஓடினாங்க. படகே வரல. கதவு பூட்டியிருந்துச்சு, மேல ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு. மூடியாச்சுன்னு சொல்றதுக்கு, எல்லாரையும் சங்கு ஊதிக் கூப்பிட்டிருக்கான். சொல்ல அவன் மட்டும் வரல.

ஹாத்திம்: இது... இது உனக்கு எப்படித் தெரியும்?

கிஸ்லான்: ஊர்ப் பேரை மாத்தி எழுதிட்டா, அதே ஸஃபி ஊர்க்காரி எனக்குத் தெரியாதா? எங்கம்மாவும் ஓடினாங்க ஹாத்திம். திரும்பி வந்தப்போ கையில மாவு காய்ஞ்சிருந்துச்சு. எனக்கு எட்டு வயசு. கழுவிவிட்டது நான்தான்.

ஹாத்திம்: நில்லு, கிஸ்லான்.

கிஸ்லான்: வழிய விடு. எட்டடிக்கப் போகுது.

ஹாத்திம்: அந்த மேனேஜர் இன்னைக்கு வர்றார்.

கிஸ்லான்: தெரியும். கடைசி வரிசைல உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, முடியறப்போ எழுந்து தன் கதையச் சொல்வார். வருஷா வருஷம் நடக்கறதுதானே? அவர் காதுல விழத்தான் பேசப் போறேன்.

ஹாத்திம்: வயசானவர்...

கிஸ்லான்: எங்கம்மாவுக்கு மட்டும் வயசு ஏறாம நிக்குதா? உனக்கென்ன இவ்வளவு கரிசனம்? யார் அவர் உனக்கு?

ஹாத்திம்: காலைல அவருக்கு ஷூ நாடா கட்டிவிட்டுக்கிட்டு இருந்தேன். 'பதினேழு வருஷமா எல்லாரும் சரின்னே சொல்றாங்க, சங்கைப் பத்தி ஒருத்தர்கூட கேட்கலையேடா'ன்னார். என்ன சங்குன்னு எனக்கு இப்பத்தான் புரியுது... போ, கிஸ்லான். சத்தமாவே பேசு. அப்பாவுக்கு இடது காது கேட்காது.