புதிதாக எழுதியது: பூஜ்யம்

2023 நவம்பர் 13, திங்கட்கிழமை. தீபாவளிக்கு மறுநாள். இரவு பதினொன்றே கால் மணிக்குப் பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் ஒரே ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவன் நவநீதன். போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறாரே ராஜாமணி, அவருடைய அக்கா மகன். கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கிற வேலை. சொல்வதில் ஏதாவது கூடக்குறைய இருந்தால் ராஜாமணியே திருத்தட்டும்.

அவனுக்கு இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. நல்ல பனி. வெடி மருந்து வாசனை ரோட்டோரம் இன்னும் படுத்துக் கிடந்தது. எதிரில் ஒரு வண்டி கிடையாது... கண் சொருகாமல் இருக்க ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குளிர்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போனான்.

போன இடம் பென்னாகரத்தைத் தாண்டி, ஒகேனக்கல் சாலையில் தனியாக நிற்கும் ஒரு கட்டடம். அறக்கட்டளை ஒன்று நடத்தும் ஆம்புலன்ஸ் சேவையின் அலுவலகம். மூன்று வண்டி, ஒரு ஷெட், கேட்டில் சென்னப்பன் என்கிற வாட்ச்மேன், உள்ளே போன் எடுக்க ஒரு பெண். வருகிற போன் எல்லாம் தானாகப் பதிவாகும். பதிவுகள் இருந்த பழைய டிஸ்க் சாகக் கிடந்தது. டக்... டக்... என்று நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல ஒரு சத்தம். அது நிற்பதற்குள் அத்தனையையும் புதுப் பெட்டிக்கு மாற்றியாக வேண்டும்.

அவசரம் சசிகலாவுக்காக. இரவு போன் எடுக்கிறவள் அவள்.

அக்டோபர் 3, அதிகாலை ஒன்று நாற்பது. காட்டோரம் தனி வீட்டில் இருந்த தீர்த்தம்மாளைப் பாம்பு கடித்தது. கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். காலையில் ஆட்கள் பார்த்தபோது உயிர் இல்லை. கையிலிருந்த போன், இந்த அலுவலகத்தோடு நான்கு நிமிடம் பேசியதாகக் காட்டியது. வண்டி போகவில்லை. "லைன்ல யாருமே பேசலீங்க, வெறும் இரைச்சல்தான்" என்றாள் சசிகலா. வியாழக்கிழமை விசாரணை. அன்றைய பதிவு அவள் சொன்னதை மெய்ப்பித்தால் வேலை தப்பும். இல்லாவிட்டால் வேலையும் போய் போலீஸ் கேஸும் வரும். புருஷன் இல்லாதவள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள்.

நவநீதன் உள்ளே நுழைந்ததும் அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள்.

"வாங்கண்ணா. உங்க பெட்டிக்குத் தீபாவளி லீவு இல்லீங்களா?"

"உனக்கு?"

"எனக்கு லட்டு குடுத்தாங்க. லீவுதான் குடுக்கல." கண்ணுக்குக் கீழே கருவளையம். இன்னொரு பெண் வேலையை விட்டுப் போனதிலிருந்து அறுபது நாளாக இரவு முழுக்க இவள் ஒருத்திதான்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேக்கப் மென்பொருளிடம் அது தன்னை ஒரு டேப் இயந்திரம் என்று காட்டிக்கொள்ளும். உள்ளே டேப் எதுவும் கிடையாது, வெறும் டிஸ்க். ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு அதற்கு. அதே தகவல் மறுபடி வந்தால் இரண்டாம் முறை எழுதாது. 'ஏற்கெனவே இருக்கிறது' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டுக்கொள்ளும். தினமும் எல்லாவற்றையும் அனுப்பினாலும் அன்றைக்குப் புதிதாக வந்தது மட்டும்தான் இடம் பிடிக்கும்.

நவநீதன் நிஜ டேப்பில் பழகியவன். அங்கே மென்பொருளே சுருக்கி, பல கோப்புகளின் தகவலை ஒன்றாகக் கலந்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் டேப் நின்று நின்று ஓடும். பழக்க தோஷத்தில் இங்கேயும் அப்படியே வைத்துவிட்டான். சுருக்கிக் கலந்து வந்ததில் பெட்டிக்கு எதுவும் அடையாளம் தெரியவில்லை. எல்லாமே புதிது என்று எழுதித் தள்ளியது. சனி, ஞாயிறு இரண்டே இரவில் நிறைந்துவிட்டது. தப்பு எங்கே என்று தீபாவளி ராத்திரி முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்தான்.

இப்போது சுருக்குவதை நிறுத்தினான். கலப்பதை நிறுத்தினான். பெட்டியைக் காலி செய்து, முதலில் அக்டோபர் 3 பதிவை அனுப்பினான். நான்கு எம்பி. புதிதாக எழுதியது: நான்கு எம்பி. சரி. பிறகு அக்டோபர் 4-லிருந்து ஒவ்வொரு நாளாக.

மணி ஒன்றேகாலுக்கு அறிக்கையைப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தது... ஒவ்வொரு இரவிலும் ஒரே ஒரு பதிவைத் தவிர. நேரம் 1:40. அளவு நான்கு எம்பி. புதிதாக எழுதியது: பூஜ்யம்.

நாற்பத்தொரு இரவு. நாற்பத்தொரு பூஜ்யம்.

குரல் பதிவில் அப்படி வராது. ஒரே ஆள் ஒரே வார்த்தையை இரண்டு தடவை சொன்னாலும் மூச்சு மாறும், மின்விசிறிச் சத்தம் மாறும். இது நூலளவும் மாறாமல் அதே பதிவு என்கிறது பெட்டி.

"சசிகலா, ராத்திரி ஒண்ணு நாப்பதுக்கு ஏதாவது போன் வருமா?"

"தெனமும் வருதுங்கண்ணா. எடுத்தா பேச மாட்டாங்க. பத்து எண்ணிட்டு வச்சிருவேன். எவனோ வேலையத்தவன்."

அந்த நேரத்தில் பழைய டிஸ்கின் டக்... டக்... நின்றது. அறை திடீரென்று பெரிதான மாதிரி இருந்தது. பழைய பதிவுகள் இனி இந்தப் பெட்டியில் மட்டும்தான்; புது அழைப்புகள் போன் கம்ப்யூட்டரிலேயே பதிவாகும்படி வந்ததுமே மாற்றியிருந்தான்.

நவநீதன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அக்டோபர் 3 பதிவை ஓட்டினான்.

இரைச்சல் இல்லை. ஒரு பெண்ணின் குரல். நிதானமாக, மரியாதையாக.

"பாம்பு கடிச்சிருச்சுங்க... காலுல... புளியமரம் தாண்டி இடதுகைப் பக்கம் மண்ணு ரோடுங்க... கதவு தொறந்துதான் இருக்குது... கேக்குதுங்களா?"

இந்தப் பக்கமிருந்து பதில் இல்லை. சீரான மூச்சு. மெல்லிய குறட்டை. போனை எடுத்தவாறே தூங்கிப்போன ஒருத்தியின் குறட்டை.

"கேக்குதுங்களா..." நான்கு நிமிடம். கடைசியில் குரல் குழறிற்று. குறட்டை மட்டும் மாறவில்லை.

நிமிர்ந்தான். சசிகலா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னவளின் முகம் இல்லை அது. தூங்கியதே அவளுக்குத் தெரியாது.

"என்னாங்கண்ணா இருக்குது?"

வாயைத் திறக்குமுன் போன் அடித்தது. 1:40. உருளைக்கிழங்கு வேகிற வாசனை அறைக்குள் வந்தது. பாம்பு பக்கத்தில் இருந்தால் அந்த வாசனை வரும் என்பார்களே, அது. சசிகலா எடுத்தாள். முழு விழிப்போடு, நிமிர்ந்து உட்கார்ந்து.

"சொல்லுங்க, யாருங்க?... பேசுங்க..." பத்து எண்ணினாள். வைத்தாள். "பாத்தீங்களா? தெனமும் இதே கூத்து."

பத்து நொடி அழைப்பு. அதையும் பெட்டிக்கு அனுப்பினான். நான்கு நிமிடம் என்று பதிவாகியிருந்தது. புதிதாக எழுதியது: பூஜ்யம். ஓட்டினான். அதே குரல். அதே குறட்டை. குறட்டைக்கு உரியவள் எதிரே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வெறும் இரைச்சல்தாம்மா," என்றான்.

"நான் சொன்னேனில்லீங்க?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதைக் குடுத்தீங்கன்னா என் தலை தப்பிச்சிருங்கண்ணா."

எப்படிக் கொடுப்பான்? அறுபது நாள் தூங்காத பெண். அவனும் தூங்கி மூன்று நாள் ஆகிறது. யார் பக்கம் நியாயம் என்று யோசிக்கக்கூட அவனிடம் தெம்பு இல்லை. அக்டோபர் 3 பதிவை அழித்தான். இடம் காலியாகவில்லை. ஒரு பதிவின் குறிப்பு மிச்சம் இருந்தாலும் பெட்டி அந்தத் தகவலை விடாது. நாற்பத்திரண்டையும் ஒவ்வொன்றாக அழித்தான். பிறகு போன் கம்ப்யூட்டரில் இருந்ததையும் பெட்டி முழுவதையும் துடைத்தான். நான்கரை மணிக்குப் பெட்டி வெறும் பெட்டி. பழைய டிஸ்கும் செத்துவிட்டது. 'அக்டோபர் பதிவுகள் மீட்க முடியாதபடி பழுதாகிவிட்டன' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தான்.

தினமும் காலை ஐந்துக்குப் பேக்கப் அறிக்கை அவன் கைபேசிக்கு வரும். புதன்கிழமை வந்தது. துடைத்த பெட்டி. முதல் நாள். எல்லாம் புதிது என்றுதான் இருக்க வேண்டும். எல்லாம் புதிதுதான், ஒன்றைத் தவிர. 1:40. பூஜ்யம். வியாழக்கிழமையும் அதேதான்.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. பதிவு இல்லை, சாட்சி இல்லை. சசிகலா மேல் தவறு இல்லை என்று முடித்தார்கள். மாலையில் அவளே போன் செய்தாள்.

"தப்பிச்சேங்கண்ணா. ஞாயித்துக்கெழமை லீவும் குடுத்துட்டாங்க. வூட்ல கதவச் சாத்திட்டுத் தூங்கப் போறேன். புள்ளைங்க கத்துனாலும் எந்திரிக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். தீர்த்தம்மாளின் வீட்டுக்காரர் வெளியே வேப்பமரத்தடியில் கடைசிவரை நின்றுகொண்டிருந்தார் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை அறிக்கை வந்தது. 1:40. புதிதாக எழுதியது: ஒரு எம்பி.

நவநீதன் வீட்டிலிருந்தே அதைத் திறந்து கேட்டான். ஒரு நிமிடப் பதிவு. குறட்டை இல்லை. வண்டி இன்ஜின் ஓடுகிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம். பிறகு அந்தக் குரல், அதே நிதானம், அதே மரியாதை.

"இனி வண்டி வேணாங்க... அந்தப் பொண்ணே வந்துருச்சு."

அலுவலகத்துக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சென்னப்பன் எடுத்தார்.

"அந்தப் புள்ளை ஒண்ணரை மணிக்கே நம்ம வண்டியில ஏறிப் போயிருச்சுங்களே. நான்தான் கேட்டைத் தொறந்துவிட்டேன்."

"எந்த வண்டிங்க?"

சென்னப்பன் ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று வண்டியும் நின்றன. டிரைவர்கள் மூவரும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சசிகலாவைக் காணவில்லை என்று நவம்பர் 17 அன்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். இன்றுவரை கிடைக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் அத்தை வீட்டில் இருக்கிறார்கள்.