தொட்டி அவர்களே!

இவ்வளவு நேரம் அரசியல் பேசிட்டேன். முன்வரிசையில ரெண்டு பேருக்குக் கொட்டாவி வந்தாச்சு... பாத்துட்டேன். ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க. நடுவுல சிரிப்பு வரும். வந்தா சிரிச்சுக்குங்க.

நம்ம பக்கம்தான், ஒரு கிராமம். ஊர் பேர் வேண்டாம். அங்க தவமணின்னு ஒரு அம்மா. நாப்பது வயசு இருக்கும். வீட்டுலயே தையல் மெஷின் போட்டு நைட்டி, பாவாடை தைக்கிறவங்க. புருஷன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை. மேடை, மைக்கு எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அவங்க தெருமுனையில ஒரு தண்ணித் தொட்டி. நாலு தூண் மேல நிக்குதே, அந்த மாதிரிப் பெரிய தொட்டி. தூண்ல காரை உதிர்ந்து உள்ள கம்பி தெரியுது. துருப்புடிச்ச கம்பி. அதுக்கு அடியிலதான் குழாயடி. காலையும் சாயங்காலமும் பொம்பளைங்க குடத்தோட நிக்கிற இடம். எல்லாரும் பாத்தாங்க. எல்லாரும் "ஐயையோ"ன்னாங்க. குடத்தைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நாமளும் அப்படித்தானே?

ஆகஸ்ட் பதினஞ்சு. கிராமசபைக் கூட்டம். தவமணி ஒரு நோட்டுத் தாள்ல எழுதி எடுத்துட்டுப் போனாங்க. அதிகாரி கேட்டாரு... "வேற யாராவது பேசணுமா?" இவங்க எழுந்தாங்க. சுத்தி இருநூறு பேரு, எதிர்ல பஞ்சாயத்துத் தலைவரு. என்ன சொல்லணும்? "தலைவர் அவர்களே, தொட்டி இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துரும்." அதுதானே? பதட்டத்துல வாய் குழறிப்போச்சு.

"தொட்டி அவர்களே... தலைவர் இன்னைக்கோ நாளைக்கோ விழுந்துருவாரு!"

ம்... சிரிச்சீங்கள்ல? பரவாயில்ல. அங்கயும் சிரிச்சாங்க. பந்தலே குலுங்குச்சு. தலைவரும் சிரிச்சாரு, "யம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், போய் உக்காரு"ன்னு. அந்த அம்மா உக்காரல. சிரிப்பு அடங்குற வரைக்கும் நின்னு, தாள்ல இருந்ததை மொத்தமும் படிச்சாங்க. எந்தத் தூண், எத்தனை அடி விரிசல், மழைக்கு முன்னாடி தண்ணி ஏத்துறதை நிறுத்துங்க... எல்லாம் சொன்னாங்க.

யார் காதுல விழுந்துச்சு?

ஒருத்தன் செல்போன்ல புடிச்சிருந்தான். முழுசும் போடல. பன்னெண்டு செகண்டு... அதை மட்டும் வெட்டி, பின்னாடி மேளச் சத்தம் சேர்த்து விட்டான். மூணே நாள்ல தமிழ்நாடு பூரா சுத்துச்சு. பஸ்ல ஏறுனா, "தொட்டி அவர்களே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க." நூல் வாங்கக் கடைக்குப் போனா, "வாங்க தொட்டியம்மா." காலேஜ்ல படிக்கிற அவங்க பொண்ணு அழுதுகிட்டே வந்து கேட்டுச்சு... "உன்னை யாரும்மா அங்க பேசச் சொன்னா?"

அக்டோபர் ரெண்டு. மறுபடியும் கிராமசபை. அதே அதிகாரி. "யாராவது பேசணுமா?" தவமணி வந்திருந்தாங்க. கடைசி வரிசை. தலையைக் குனிஞ்சுகிட்டாங்க. வேற யாராச்சும் எழுந்தாங்களா? எப்படி எழுவாங்க? அடுத்த வீடியோ நாமளா இருந்துட்டா? பத்து நிமிஷத்துல கூட்டம் முடிஞ்சுது.

நவம்பர்ல விடாம நாலு நாள் மழை. அஞ்சாவது நாள் காலையில மழை விட்டு வெறிச்சுது. எட்டு மணிக்குத் தொட்டி விழுந்துச்சு. அடியில தண்ணி புடிச்சுகிட்டு இருந்தவ பேரு அஞ்சலாட்சி. முப்பத்தாறு வயசு. ரெண்டு குழந்தைங்களுக்கு அம்மா...

டிவிக்காரங்க வந்தாங்க. தவமணி முகத்துக்கு நேரா மைக்கை நீட்டி, "நீங்க முன்னாடியே சொன்னீங்களாமே?"ன்னு கேட்டாங்க. அந்த அம்மா முந்தானையால வாயைப் பொத்திகிட்டு உள்ள போய் கதவைச் சாத்திட்டாங்க.

பேப்பர்ல பாத்துட்டு நான் அந்த ஊருக்குப் போனேன். துக்கம் விசாரிச்சுட்டு, தவமணி வீட்டுக்கும் போனேன். அந்த அம்மா சொன்னாங்க.

"ஆகஸ்ட்ல சிரிச்சாங்க, அது போவுதுங்க ஐயா. அக்டோபர்ல நான் ஏன் வாயைத் தொறக்கல? தொறந்திருந்தா அஞ்சலாட்சி இருந்திருப்பாளோ?"

கேட்டீங்களா? சொல்லியும் கேக்காத தலைவருக்கு உறக்கம் வருது. வெட்டிப் போட்டவனுக்கு உறக்கம் வருது. சொன்னவங்க உக்காந்து கணக்குப் பாக்குறாங்க... கொன்னது நானான்னு.

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க"ன்னேன். அதுக்கு மேல பேச வாய் வரல. ஏன் வரல? சொல்லிடுறேன். அந்தப் பன்னெண்டு செகண்டு வீடியோ எனக்கும் வந்துச்சு. வயிறு வலிக்கச் சிரிச்சேன். மூணு பேருக்கு அனுப்பினேன். மேடை மேடையா மக்கள் கேள்வி கேக்கணும்னு முழங்குற நான்... கேள்வி கேட்ட ஒரு மனுஷிய மூணு பேர்கிட்ட காட்டிச் சிரிச்சேன். அதை அந்த அம்மாகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. சொல்லாமலே எழுந்து வந்துட்டேன்.

ஜனங்க ஏன் வாய் தொறக்க மாட்டேங்குறாங்கன்னு இங்க நிறையப் பேர் கேக்குறீங்க. போலீசுக்குப் பயம், கட்சிக்காரனுக்குப் பயம்னு நாமளே பதிலும் சொல்லிக்கிறோம். அய்யா... அந்த ஊர்ல தவமணியை யாரும் மிரட்டல. ஒரு வழக்கு இல்ல, ஒரு அடி இல்ல. சிரிச்சோம். அவ்வளவுதான். ஒரு ஊரோட வாயை அடைக்க அது போதுமானதா இருந்துச்சு. எழுந்து நிக்கிறவங்களுக்குப் பேசத் தெரியாதுங்க. நல்லாப் பேசத் தெரிஞ்ச என்னை மாதிரி ஆளுங்க அந்தத் தொட்டியடியில தண்ணி புடிக்கிறதில்ல. புடிக்கிறவங்க குழறித்தான் சொல்லுவாங்க. தப்புத்தப்பாத்தான் சொல்லுவாங்க. அந்தக் குழறலுக்குள்ள என்ன இருக்குன்னு கேக்குறதுதான் நம்ம வேலை. நான் கேக்கல.

நீங்க?