உப்புக்காத்து தின்ன கேபிள்

இல்லண்ணா, ஏணி வேணாம். நெட் கேபிள் இந்த ஜன்னல் வழியாதான் உள்ள வருது. மொதல்ல மோர் குடிங்க, இந்த வெயில்ல உப்பளத்து ரோட்ல வந்திருக்கீங்க. எங்க அத்தை பின்னாடி மீன் கழுவிட்டிருக்காங்க. அவங்கதான் உங்களுக்கு போன் பண்ணது. நானா? இந்த வீட்டு மருமக, மலர்கொடி. வெப் டெவலப்பர்.

சிரிக்காதீங்க. எல்லாரும் டீச்சரான்னுதான் கேப்பாங்க.

எங்கப்பா, எங்கம்மா ரெண்டு பேருமே இதே மரக்காணத்து அளத்துல உப்பு வாரினவங்கதான். நான் ஆறாவது படிக்கறப்ப ஸ்கூலுக்கு கம்ப்யூட்டர் வந்துச்சு. சந்தனப் பொட்டு வெச்சு, மாலை போட்டு, சாமி ரூம் மாதிரி பூட்டி வெச்சிட்டாங்க. காலைக் கழுவிட்டுதான் உள்ள போகணும். நான் ரெண்டு தடவை கழுவுவேன். அளத்துக்காரன் பொண்ணு உப்பைக் கொண்டாந்துட்டான்னு யாரும் சொல்லிடக் கூடாதுல்ல.

ப்ளஸ் டூல கவர்மெண்ட் லேப்டாப் குடுத்தாங்க. அதை எங்க வீட்ல எங்க வெச்சிருந்தோம் தெரியுமா? அரிசி டிரம்ல. ஆமாண்ணா! ஈரக்காத்து புடிக்காதுன்னு எங்கம்மா துணியில சுத்தி அரிசிக்குள்ள புதைச்சிடும். உலை வெக்க டிரம்மைத் தொறந்தாதான் எனக்கு லேப்டாப். கீபோர்டு சந்துலல்லாம் நொய்யி.

அதுலதான் மொதல் பேஜ் பண்ணேன். நீலக் கலரு, நடுவுல என் பேரு, பெருசா. அமுக்கினா செவப்பாயிடும். அன்னிக்குப் பூரா அதையே அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் திண்டிவனத்துல பிசிஏ, சென்னையில வேலை. ஹாஸ்டல்ல மூட்டைப்பூச்சி, சாம்பார்னு பேரு வெச்ச தண்ணி. இருந்தா என்ன? சாயங்காலம் ஆபீஸ் விட்டு வெளிய வந்தா, எந்தப் பக்கம் நடக்கறதுன்னு நானே முடிவு பண்ணுவேன்.

கொரோனா வந்துச்சு, வீட்லேர்ந்தே வேலைன்னாங்க. கல்யாணமும் ஆயிடுச்சு. அப்புறம் மத்தவங்களையெல்லாம் ஆபீஸுக்குக் கூப்ட்டுக்கிட்டாங்க. இங்கதான் நெட் நல்லாருக்கே, நீ எதுக்குப் போகணும்னு இந்த வீட்ல என்னை மட்டும் வுடல. வீட்லேர்ந்தே சம்பாதிக்கற மருமகன்னு அத்தைக்கு ஒரே பெருமை.

இதாண்ணா என் ஆபீஸ். கதவைச் சாத்தக் கூடாது. ஒரு காதுல மேனேஜர், இன்னொரு காதுல அத்தை. மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு வெங்காயம் நறுக்குவேன். சும்மா உக்காந்துதானே இருக்கேன்னு அடுப்பையும் பாத்துக்கச் சொல்லுவாங்க. இப்ப பண்றது ஒரு டூர் கம்பெனி சைட். ஊட்டிக்கு, மணாலிக்கு டிக்கெட் போடற பட்டன் நான் செஞ்சதுதான். நான் இங்க பக்கத்துல பொம்மையார்பாளையத்துல இருக்கற அக்கா வீட்டுக்குப் போகணும்னாலே எங்க வீட்டுக்காரரு கூட வரணும். அவரு நல்லவருதான். ஆனா அவங்கம்மா முகத்தைப் பாத்துட்டுதான் வாயைத் தொறப்பாரு. எனக்கு மூச்சு முட்டுதுண்ணா.

ம்? முந்தாநேத்துலேர்ந்து நெட் இல்ல. போன்ல பேசலாம், ஆனா அதுல நெட் இங்க எடுக்காது. கம்பெனில சொல்லிட்டாங்க, லைன் வர்லன்னா திங்கக்கிழமை ஆபீஸுக்கு வந்துடும்மான்னு. வேலை போயிட்டா சம்பளம் போயிடுமேன்னு அத்தைக்கு பயம். லைன்மேன் முடியாதுன்னுட்டா சென்னைக்கே கெளம்புன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. அதான் அவசரமா உங்களைக் கூப்ட்டது. பேக் எடுத்து வெச்சிட்டேன், கட்டிலுக்கு அடியில இருக்குது.

என்னண்ணா, கேபிள் அறுந்த அந்த முனையவே பாக்கறீங்க? ஆமா. வெங்காயம் நறுக்கற கத்திதான்.

மெதுவாப் பேசுங்க. இந்த ஊர்ல இரும்பு கேட்டு இத்துப் போனாலும் உப்புக்காத்து, ஃபேன் நின்னாலும் உப்புக்காத்து. நானும் அதையேதான் சொல்லி வெச்சிருக்கேன், உப்புக்காத்து கேபிளைத் தின்னுடுச்சுன்னு. கேபிளுக்கு உள்ள இருக்கறது கண்ணாடி இழை, உப்பு அதை ஒண்ணும் பண்ணாதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது.

அதோ, கையைத் தொடச்சிக்கிட்டு வர்றாங்க. உப்பு தின்னுடுச்சு, ரோட்லேர்ந்து பூரா மாத்தணும், இப்போதைக்கு ஆகாதுன்னு நீங்களே சொல்லிடுங்கண்ணா. கொஞ்சம் சத்தமா.